பெட்டி ஆலைக்கு முன்னால் ஐம்பது

அப்பாவின் தொழில், விபத்தில் நொறுங்கிய வண்டிகளை இழுத்து வருவது. ஊரில் அவரைக் கொக்கி என்பார்கள். ரெக்கவரி வண்டியின் பின்னால் தொங்கிய இரும்புக் கொக்கியால் வந்த பெயர். பெட்ரோல் பங்க்காரருக்கு அவர் கொக்கி அண்ணன், பிள்ளைகளுக்குக் கொக்கி மாமா. அத்தை, அதாவது அவருடைய அக்கா மட்டும் கடைசி வரை "டேய்" என்றே கூப்பிட்டாள்.

போன மாதம் இறந்துவிட்டார். கல்லீரல். முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் கேட்கிற எல்லாரும் "ஆக்சிடெண்டா?" என்றுதான் கேட்கிறார்கள். இல்லை. சாலைக்கும் அவர் சாவுக்கும் சம்பந்தமில்லை. சாலைக்கும் அவர் வாழ்க்கைக்கும் உண்டு. அதை எழுதத்தான் உட்கார்ந்திருக்கிறேன்.

எங்கள் வீடும் பட்டறையும் ஒரே தகரக் கூரைக்குக் கீழே. முன்னால் பட்டறை, பின்னால் இரண்டு அறைகள், ஓரமாகச் சமையலறை. சமையலறைச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தால், அந்தப் பக்கம் ரெக்கவரி வண்டியின் கம்பிவடம் சுற்றும் அதிர்வு முதுகில் தெரியும். நான் படித்ததெல்லாம் அந்தச் சுவரில் சாய்ந்துதான். நான் நடை பழகுமுன்பே அம்மா காய்ச்சலில் போய்விட்டாள். வளர்த்தது அத்தை.

வாசலுக்கு எதிரே சாலை. அதன் அந்தப் பக்கம் அட்டைப்பெட்டி ஆலை. அத்தை அங்கே பசைப் பிரிவில் மேற்பார்வையாளர். மாலையில் அவள் வீட்டுக்குள் வந்தால் கூடவே மாவுப் பசை வாசமும் வரும். இன்றைக்கும் எங்காவது புதிய அட்டைப்பெட்டியைப் பிரித்தால் எனக்குப் பள்ளிக்கூடம் விட்டு வந்த பசி எடுக்கிறது.

அந்தச் சாலை இரண்டு நகரங்களுக்கு நடுவே ஸ்கேல் வைத்துக் கோடு போட்டதுபோல் ஓடும். வயல், வயல், மறுபடியும் வயல். திடீரென்று நாங்கள்: ஆலை, பங்க், பத்துப் பதினைந்து வீடுகள். பிறகு மறுபடியும் வயல். வேக வரம்பு எண்பது. எண்பதில் வருபவர் கண்ணுக்கு நாங்கள் படுவதற்குள் அவர் எங்களைத் தாண்டியிருப்பார்.

அப்பா நாற்பதுக்கு மேல் ஓட்டமாட்டார். பின்னால் நொறுங்கிய கார் தொங்கும்போது அது நியாயம்தான், வேகம் கூடினால் சுமை ஆடும். ஆனால் வெறும் வண்டியையும் நாற்பதில்தான் ஓட்டினார். அவர் வண்டிக்குப் பின்னால் எப்போதும் முந்த முடியாத வண்டிகளின் ரயில் ஒன்று சேர்ந்துவிடும். ஹாரன் அடிப்பார்கள். அவர் ஜன்னல் வழியாகக் கையை நீட்டி, யாரோ தெரிந்தவர் கூப்பிட்டதுபோல் ஆட்டுவார். நான் பக்கத்து இருக்கையில் பள்ளிப் பையோடு உட்கார்ந்திருப்பேன். டீசல் வாசம், கிரீஸ் வாசம், அத்தை பழைய போர்வையில் தைத்துக் கொடுத்த மெத்தை. பள்ளிக்கூடத்தில் நான் ஏன் தாமதம் என்று யாரும் கேட்டதில்லை. "அது கொக்கி வண்டியில வருது" என்று வகுப்பே பதில் சொல்லிவிடும்.

இழுத்து வந்த கார்களுக்குள் கிடப்பதையெல்லாம் எடுத்துத் துடைத்துப் பட்டறை அலமாரியில் வைப்பார். சாப்பாட்டு டப்பா, மூக்குக் கண்ணாடி, ஒரு குழந்தையின் ஒற்றைச் செருப்பு. குடும்பத்தார் வந்து கேட்கும் வரை அங்கேயே இருக்கும். டப்பாவில் சாப்பாடு மிச்சமிருந்தால் அவரே கழுவி வைப்பார். அந்த வேலையை அத்தையிடமோ என்னிடமோ விட்டதில்லை.

ஆலைக்கு ஆள் மாறும் நேரம் அவருக்குத் தெரியும். வேலை இருந்தாலும் இல்லாவிட்டாலும் அந்த நேரத்துக்கு வண்டியை எடுத்து, ஊருக்கு வெளியே போய்த் திரும்பி, மெதுவாக உருட்டிக்கொண்டு வருவார். பின்னால் அத்தனை வண்டியும் அடங்கி நிற்கும். அவருக்கு முன்னால் சாலை காலியாக இருக்கும். பெண்கள் கூட்டமாக இறங்கித் தாண்டுவார்கள். அத்தைக்கு இடது முழங்கால் மடங்காது, கடைசியாகத்தான் வந்து சேருவாள். அவள் மறுகரை ஏறும் வரை அப்பா வண்டியை ஊர விடுவார்.

"உங்க தம்பி இருக்கறதால பொழச்சோம்" என்று ஆலைப் பெண்கள் சொல்வார்கள்.

"அவன் எங்கயாவது கார் இழுக்கப் போயிட்டா?" என்பாள் அத்தை. "அன்னைக்கு யாரு வருவா? உன் மாமனாரா?"

கேள்வி அதுதான். அவர் இல்லாத நேரங்களில் பெண்கள் ஓடித்தான் தாண்டினார்கள். அத்தையால் ஓட முடியாது. அப்பா தூரத்தில் ஏதோ பள்ளத்தில் கவிழ்ந்த லாரியைத் தூக்கிக்கொண்டிருக்கும்போதும் மணியைப் பார்த்துக்கொண்டே இருப்பார் என்று பின்னாளில் பங்க்காரர் சொன்னார்.

நான் பொறியியல் முடித்து நகரத்தில் சாலை வடிவமைக்கும் அலுவலகம் ஒன்றில் சேர்ந்த வருடம், அப்பாவும் ஆலைப் பெண்களும் சேர்ந்து நெடுஞ்சாலைத் துறைக்கு மனு கொடுத்தார்கள். ஊருக்குள் மட்டும் எண்பதை ஐம்பதாகக் குறைக்க வேண்டும் என்று. பங்க்காரருக்கு அது பொறுக்கவில்லை.

"அண்ணே, வண்டி மோதினாத்தானே உனக்கு அடுப்பு எரியும்? உன் பொழப்புல நீயே மண்ணள்ளிப் போடுறியே."

"நீ பெட்ரோல் போடு. மண்ணை நான் பார்த்துக்கறேன்."

துறையிலிருந்து ஒரு பொறியாளர் வந்தார். கண்ணாடியைக் கயிற்றில் கட்டிக் கழுத்தில் தொங்கவிட்டவர், தன் டீயைத் தானே பிளாஸ்கில் கொண்டுவருபவர். சாலைக்குக் குறுக்கே இரண்டு கறுப்பு ரப்பர் குழாய்களைப் பதித்து, ஓரத்தில் ஒரு பெட்டியைப் பூட்டிவிட்டுப் போனார். குழாய் மேல் சக்கரம் ஏறினால் பெட்டி வேகத்தைக் குறித்துக்கொள்ளும். ஒரு வாரம் அளப்பார்கள்.

"என்னடா இது, செத்த பாம்பு மாதிரி?" என்று கேட்டாள் அத்தை.

"ஊரைப் பாக்க வந்திருக்காங்கக்கா" என்றார் அப்பா.

அந்த வாரம் நான் ஊரில் இல்லை. முடிவு மட்டும் வந்தது: மனு நிராகரிக்கப்படுகிறது, அந்த இடத்தில் வண்டிகள் ஏற்கெனவே ஐம்பதை ஒட்டித்தான் போகின்றன, புதிய வரம்பு தேவையில்லை.

எனக்கு நம்பிக்கை வரவில்லை. அந்தச் சாலையில் பிறந்து வளர்ந்தவள் நான். விடுப்பு எடுத்துக்கொண்டு வந்தேன். அப்பா பட்டறையில் சங்கிலிக்கு எண்ணெய் போட்டுக்கொண்டிருந்தார்.

"அப்பா, அந்த வாரம் என்ன பண்ணீங்க?"

"என்ன பண்ணேன்? ஒண்ணும் பண்ணலையே."

"ஒண்ணும் பண்ணலையாமே!" சமையலறையிலிருந்து அத்தையின் குரல் வந்தது. "விடிஞ்சா வண்டியை எடுப்பான், இருட்டினா நிறுத்துவான். மேலயும் கீழயும் தறி நாடா மாதிரி போயிட்டு வந்தான். அந்த வாரம் ரோடு பசு மாதிரி இருந்துச்சுடி. நான் நடுவுல நின்னு தலை சீவியிருக்கலாம்."

அப்பா சங்கிலியை விட்டுத் தலையைத் தூக்கவில்லை. "பெரிய மனுஷங்க பாக்க வந்திருக்காங்க. ஊரு நல்ல ஊருன்னு தெரியட்டுமேன்னுதான்."

விருந்தாளி வந்தால் வீட்டைப் பெருக்குவதில்லையா, அதுபோல் அவர் சாலையைப் பெருக்கியிருக்கிறார். ஐம்பதில் போகத் தெரிந்த ஊருக்குத்தான் ஐம்பது கொடுப்பார்கள் என்று நினைத்திருக்கிறார்.

"அப்பா, அவங்க ஜுரம் இருக்கான்னு பாக்க வந்தாங்க. நீங்க வாய்ல ஐஸ் கட்டியை வச்சுக்கிட்டுத் தெர்மாமீட்டரை வாங்கியிருக்கீங்க."

அவருக்குப் புரியச் சிறிது நேரமாயிற்று. புரிந்ததும் நெற்றியில் அடித்துக்கொண்டார். கையில் இருந்த கிரீஸ் நெற்றியில் பட்டை போட்டது. அத்தை சிரிக்க ஆரம்பித்தாள், பிறகு நான், கடைசியில் அவரும். அப்படி மூன்று பேரும் சேர்ந்து சிரித்த நாட்கள் அதிகம் இல்லை. எண்ணெய் டப்பா உருண்டது, யாரும் எடுக்கவில்லை.

பொறியாளரிடம் நேரில் போய் அப்பாவே சொன்னார். அவர் திட்டவில்லை. மறுபடியும் குழாய் பதித்தார். அந்த வாரம் அப்பா வண்டியைத் தொடவில்லை. இந்த முறை கிடைத்த எண் தொண்ணூற்று மூன்று.

எங்கள் தொழிலில் ஒரு பழைய வழக்கம் உண்டு. நூறு வண்டிகளில் எண்பத்தைந்து எந்த வேகத்துக்குள் போகின்றனவோ, அதை ஒட்டி வரம்பை வைப்பது. அந்தத் தொண்ணூற்று மூன்று அப்படி வந்த எண்தான். பெரும்பாலோர் ஒழுங்காகத்தான் ஓட்டுவார்கள் என்ற நம்பிக்கை அதில் இருக்கிறது. தொண்ணூற்று மூன்றில் போகிறவர்களுக்கு ஐம்பது என்று பலகை வைத்தால் யாரும் மதிக்கமாட்டார்கள், மதிக்காத பலகை மற்ற பலகைகளின் மரியாதையையும் கெடுக்கும் என்றார் பொறியாளர்.

அப்பா யோசித்தார். "சார், மெதுவா போனாங்க, பலகை வேணாம்னீங்க. வேகமா போறாங்க, பலகை போட முடியாதுங்கறீங்க. எப்படித்தான் போகணும்னு சொல்லிடுங்க, அப்படியே போகச் சொல்றேன்."

பொறியாளர் பிளாஸ்க் மூடியைக் கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் சிரித்தார். பிறகு ஒரு வழி சொன்னார். ஒரு வருடம் சோதனையாக ஐம்பது. வருட முடிவில் மறுபடியும் அளப்போம். வேகம் இறங்கவில்லையென்றால் பலகையும் இறங்கும், பழையபடி எண்பது.

பலகை நட்டார்கள். அத்தை அதன் கீழே நின்று அண்ணாந்து பார்த்தாள். "இவ்வளவு சின்னதா இருக்கு! நம்ம பெட்டி மேல ஒட்டற லேபிளே இதைவிடப் பெருசா இருக்கும்."

நான் அப்பாவுக்குக் கணக்குச் சொன்னேன். எண்பதில் வரும் வண்டி பிரேக் பிடித்தபின் ஓடும் தூரம், ஐம்பதில் வரும் வண்டியைப்போல் இரண்டரை மடங்கு. அவர் மண்ணில் கம்பியால் இரண்டு கோடு கிழித்துக் காட்டச் சொன்னார். கிழித்தேன். நீளமான கோட்டின் நுனியில் குந்தி உட்கார்ந்து அதையே பார்த்துக்கொண்டிருந்தார். "நடுவுல எவ்வளவு இடம் இருக்கு பாரு" என்றார். அந்த இடத்தில்தான் அவருடைய முப்பது வருடத் தொழில் நடந்திருந்தது.

பலகை வந்த பிறகு அப்பாவுக்கு அதிகாரம் வந்துவிட்டது போல் ஆயிற்று. ஐம்பது என்று எழுதியிருக்கிறது, இவர் நாற்பதில் போவார். பின்னால் வருபவர்கள் பொறுமை இழந்தார்கள். சிலர் எதிர்ப்பக்கம் ஏறி முந்தினார்கள். வேகம் மட்டுமல்ல, வேகங்களுக்குள் இருக்கும் வித்தியாசமும் ஆபத்து என்று நான் போனில் சொன்னேன். "சரிம்மா, சரிம்மா" என்றார். என் அலுவலகத்தில் கிழவர்கள் இதே குரலில்தான் "சரி" என்பார்கள்.

ஒரு சாயங்காலம் ஆலை விடும் நேரம். நான் ஊருக்கு வந்திருந்தேன், வாசலில் நின்றிருந்தேன். அப்பாவின் வண்டி வந்தது, பின்னால் ரயில். அதைப் பார்த்து அத்தை சாலையில் இறங்கினாள். ரயிலின் நடுவிலிருந்து ஒரு சரக்கு வேன் வெளியே வந்து, எதிர்ப்பக்கம் ஏறி, முன்னால் போன எல்லாரையும் முந்திக்கொண்டு பறந்தது. அது உரசியதில் அத்தையின் சாப்பாட்டுப் பை அவள் கையிலிருந்து பிடுங்கப்பட்டுப் போய் வயலில் விழுந்தது. அவள் அப்படியே சாலையோரத்தில் உட்கார்ந்துவிட்டாள்.

அப்பா நடுச்சாலையில் வண்டியை நிறுத்திவிட்டு ஓடி வந்தார். "அக்கா! அடிபட்டுச்சா?"

"பைதான் போச்சு." அவள் தன் வெறும் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். "உன் வண்டியைப் பாத்துத்தான்டா இறங்கினேன்."

பின்னால் ஒருவரும் ஹாரன் அடிக்கவில்லை. அப்பா வயலில் இறங்கிப் பையைத் தேடி எடுத்து வந்தார். டப்பா நசுங்கியிருந்தது. பட்டறைக்குப் போய்ச் சுத்தியால் அதை நிமிர்த்தப் பார்த்தார், மூடி பொருந்தவில்லை. விடாமல் தட்டிக்கொண்டே இருந்தார். கடைசியில் அத்தை போய்ப் பிடுங்கி வாங்கினாள். "விடுடா. வேற டப்பா இல்லையா வீட்டுல?"

மறுநாளிலிருந்து அவர் ஐம்பதில் ஓட்டினார். ஆள் மாறும் நேரத்துக்கு வண்டியை எடுக்கவில்லை. நடந்தே போய் ஆலை வாசலில் நின்று, அத்தையின் கையைப் பிடித்துத் தாண்டிக் கூட்டி வந்தார்.

"விடுடா, பிள்ளை பிடிக்கிறவன் மாதிரி. எல்லாரும் பாக்கறாங்க."

"பாக்கட்டும். பாத்தாத்தானே வேகம் குறையும்."

வருடம் முடிந்தது. குழாய் பதிக்க ஆள் வருவதற்கு முந்தின நாள் சாப்பிட உட்கார்ந்தபோது அப்பா என்னிடம் கேட்டார்.

"நான் பழையபடி மேலயும் கீழயும் ஓட்டினா பலகை நிக்கும், இல்ல?"

"நிக்கும்."

"நமக்குள்ளதானே. யாருக்கும் தெரியாது."

நான் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன். எனக்கும் அந்தப் பலகை நிற்க வேண்டும்.

அவர் அத்தை பக்கம் திரும்பினார். "அக்கா, பலகை நின்னுட்டா நீ அதை நம்பி இறங்குவியா?"

"பின்ன எதுக்குடா வைக்கறாங்க? நம்பத்தானே?"

அப்பா கை கழுவிவிட்டு வந்து வண்டிச் சாவியை அத்தையிடம் கொடுத்தார். "ஒரு வாரம் உன்கிட்டயே இருக்கட்டும். நான் கேட்டாலும் குடுக்காதே." கேட்டாராம், இரண்டு முறை. அவள் கொடுக்கவில்லை. அந்த வாரம் வந்த அழைப்புகளையெல்லாம் அடுத்த ஊர் ரெக்கவரிக்காரருக்குத் தள்ளிவிட்டார்.

எண்பத்து நான்கு. தொண்ணூற்று மூன்றிலிருந்து எண்பத்து நான்கு. அவ்வளவுதான் இறங்கியிருந்தது.

அப்பாவின் முகம் விழுந்துவிட்டது. பொறியாளர் எங்கள் பட்டறையில், கவிழ்த்த டின் மேல் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார். ஒன்பது என்பது சின்ன எண்ணல்ல, பிரேக் தூரத்தில் கிட்டத்தட்ட ஐந்தில் ஒரு பங்கு குறைகிறது என்று நான் சொன்னேன். அவருக்குத் தெரியாததல்ல.

"பலகை சும்மா இல்ல" என்றார் அவர். "ஆனா பாதி வேலைதான் அதால முடியும். நேரா, அகலமா ரோட்டைப் போட்டு வச்சிட்டு, மெதுவா போன்னு ஒரு தகரத்துல எழுதி வச்சா எவன் கேப்பான்? மீதியை ரோடே சொல்லணும்." பிறகு அப்பாவைப் பார்த்தார். "முதல் தடவை மாதிரி இந்தத் தடவையும் நீங்க ஓட்டியிருந்தீங்கன்னா ஐம்பத்தொண்ணு வந்திருக்கும். பலகை பிரமாதமா வேலை செய்யுதுன்னு நானும் எழுதிட்டுப் போயிருப்பேன். மேற்கொண்டு ஒரு கல் நட்டிருக்க மாட்டாங்க."

பலகையை எடுக்காமல், சாலையையே மாற்ற வேண்டும் என்று அவர் துறைக்கு எழுதினார். கேட்டது கிடைக்க இரண்டு நிதியாண்டுகள் ஆயின. ஊரின் இரண்டு முனைகளிலும் சாலையைக் குறுக்கினார்கள். ஆலைக்கு முன்னால் நடுவில் ஒரு திட்டு கட்டினார்கள், பாதி தாண்டி நின்று மீதியைத் தாண்ட. முதல் நாள் அத்தை அந்தத் திட்டின் மேல் போய் நின்றவள் இறங்கவே இல்லை.

"வாக்கா, ரோடு காலியாத்தான் இருக்கு!" என்று இந்தப் பக்கமிருந்து அப்பா கத்தினார்.

"இருடா. எனக்காகக் கட்டியிருக்காங்க. கொஞ்சம் நின்னுட்டு வரேன்."

அதற்குப் பிறகு அளந்தபோது ஐம்பத்தெட்டு. அப்பாவுக்கு அலமாரியில் வைக்கப் பொருட்கள் குறைந்தன. இந்தப் பக்கத்து வேலை குறைந்து, தூரத்து வேலைகளாகப் பிடிக்க ஆரம்பித்தார். பங்க்காரர், "நான் அப்பவே சொன்னேன்ல" என்று சொல்லிக்கொண்டே கடனுக்கு டீசல் போட்டார். பலகை ஒன்றும் செய்யாது என்பவர்களிடமும், பலகை ஒன்றே போதும் என்பவர்களிடமும் நான் வேலையில் இன்றுவரை வாதாடுகிறேன். என்னிடம் இருப்பது மூன்று எண்கள்தான்: தொண்ணூற்று மூன்று, எண்பத்து நான்கு, ஐம்பத்தெட்டு.

எனக்கு மட்டும் ஒரு சந்தேகம் இருந்தது. அப்பா அதன் பிறகும் அந்தச் சாலையில் ஐம்பதில் போய் வந்துகொண்டேதான் இருந்தார். அந்த ஐம்பத்தெட்டில் அவருடைய பங்கு எவ்வளவு? குறுக்கிய சாலையா, திட்டா, பலகையா, அப்பாவா? அவர் ஓடிக்கொண்டிருக்கும்வரை பிரித்துப் பார்க்க வழியில்லை. பிரிக்க வேண்டும் என்று நான் ஆசைப்படவும் இல்லை.

போன வாரம் பொறியாளர் போன் செய்தார். வழக்கமான அளவைதான், அப்பா போனதற்கு அடுத்த வாரம் குழாய் பதித்திருந்தார்கள். அவருக்கும் தயக்கம் இருந்தது, குரலில் தெரிந்தது.

"ஐம்பத்தெட்டும்மா. அப்படியே இருக்கு."

நன்றி சொல்லி வைத்தேன். இதைவிட நல்ல முடிவு எங்கள் தொழிலில் கிடையாது. ஒரு மனிதர் காவல் நிற்காமலே ஒரு சாலை ஒழுங்காக இருக்கிறது. ஆனாலும், கொஞ்சம் ஏறியிருக்கக் கூடாதா என்று இருந்தது. ஒன்றோ இரண்டோ.

ஊருக்குப் போய் அத்தையிடம் சொன்னேன். அவள் வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தாள்.

"அப்போ அவன் இல்லாமலே ஓடுதுங்கற."

"ஆமா அத்தை. அவர் அதுக்குத்தானே..."

"தெரியும்டி. எனக்கே விளக்காதே." செருப்பை மாட்டினாள், ஒரு கால் மடங்காததால் சுவரைப் பிடித்துக்கொண்டுதான் மாட்ட முடியும். "ரோட்டுக்கு அவன் வேணாம். சரி. எனக்கு வேணுமே."

ஆலையில் சங்கு ஊதியது. கையைப் பிடிக்கப் போனேன். வேண்டாம் என்று தலையை ஆட்டிவிட்டுத் தானாக இறங்கினாள். ஒரு லாரி வந்து வேகம் குறைத்தது. அவள் அதைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் திட்டு வரை போனாள், நின்றாள், மறுபக்கம் பார்த்தாள், மீதியையும் தாண்டினாள்.